நாகர்கள்: பாம்புகளா, மனிதர்களா?

அரூர் பக்கத்துக் கிராமங்களில் அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் மஞ்சளும் குங்குமமும் பூசிய நாகர் கற்கள் இருக்கும். ஒரு கல்லில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும். சில இடங்களில் இடுப்புக்கு மேலே மனித உருவமும் கீழே பாம்பு உடலுமாக இருக்கும். பிள்ளை வரம் வேண்டி வைக்கப்பட்ட கற்கள் இவை. அந்தப் பாதி மனித உருவம் யார்?

புராணங்களின்படி நாகர்கள் பாதாளத்தில் வாழ்பவர்கள். அவர்களுடைய தலைநகரம் போகவதி. ஆதிசேஷன், வாசுகி, தட்சகன், கார்க்கோடகன் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். நினைத்த உருவம் எடுப்பார்கள், மாணிக்கத்தைக் காப்பார்கள் என்பது நம்பிக்கை. 1979-ல் வெளிவந்த ‘நீயா’ படத்தின் பாம்புப் பெண்ணும் இந்த நம்பிக்கையில் பிறந்தவள்தான்.

சதுப்பு நிலத்தின் சொந்தக்காரர்கள்

நாகர் கதைகளில் ஈர நிலம் அடிக்கடி வருகிறது. பரசுராமர் கடலிலிருந்து மீட்ட கேரள நிலம் உப்பும் பாம்புமாக இருந்ததாம். அவர் நாகராஜாவை வேண்ட, பாம்புகளின் நஞ்சால் உப்பு நீங்கி நிலம் விளைந்தது என்கிறது ஹரிப்பாட்டை அடுத்த மண்ணாறசாலை கோயிலின் தலக்கதை. அங்கே பூசைக்குத் தலைமை ஒரு பெண். பழைய கேரள வீடுகளில் மனையின் ஒரு மூலையை வெட்டாமல் பாம்புக்காவாக விட்டுவைப்பார்கள். நிலத்தின் பழைய சொந்தக்காரருக்குக் கொடுக்கும் பங்கு அது.

நாகர்கோவிலுக்குப் பெயர் கொடுத்த நாகராஜா கோயிலிலும் மூலவர் இருப்பது ஈர மண்ணில். மேலே ஓலைக் கூரைதான். அந்த மண்ணே பிரசாதம். அங்குள்ள தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர் ஆகிய சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும் உள்ளன. மதங்கள் மாறினாலும் நாகம் நகரவில்லை!

நெருப்பும் பேச்சும்

எல்லாக் கதைகளும் இப்படிச் சமாதானமாக முடிவதில்லை. மகாபாரதத்தில் தட்சகனின் காண்டவ வனத்தைக் கிருஷ்ணனும் அர்ச்சுனனும் எரிக்கிறார்கள். பிறகு தட்சகன் கடித்துப் பரீட்சித்து இறக்க, அவன் மகன் ஜனமேஜயன் நாகர் குலத்தையே அழிக்க சர்ப்ப யாகம் நடத்துகிறான். அதை நிறுத்தியவர் ஆஸ்திகர். அவருடைய தாய் ஒரு நாக கன்னி.

தமிழில் மணிமேகலை வேறு மாதிரி சொல்கிறது. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய வணிகன் சாதுவனை, ஆடையில்லாத நாகர்கள் தின்ன வருகிறார்கள். அவனுக்கு அவர்கள் மொழி தெரியும். அவன் பேசியதும் வியந்துபோய்த் தலைவனிடம் அழைத்துச் செல்கிறார்கள். உடைந்த கப்பலில் வருபவரைக் கொல்லாதீர்கள் என்று சாதுவன் கேட்கிறான். தலைவனும் ஒப்புக்கொண்டு சந்தனமும் அகிலும் துணிகளும் கொடுத்து அனுப்புகிறான். இந்த நாகர்களுக்குப் படமும் இல்லை, வாலும் இல்லை. இவர்கள் வேறு மொழி பேசும் மனிதர்கள்.

பெயரில் வாழும் நாகர்

1936-ல் யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்து ‘நாகதீவை’க் குறிப்பிடுகிறது. நயினாதீவில் இன்றும் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருக்கின்றன. முடிநாகராயர், மருதன் இளநாகனார் எனச் சங்கப் புலவர் பெயர்களிலும் நாகம் உண்டு. பெயரை மட்டும் வைத்து இவர்கள் ஒரே இனம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் நாகம் என்பது வெட்கப்படும் பெயராக இருக்கவில்லை என்பது தெரிகிறது.

காட்டிலும் மலையிலும் தீவிலும் வாழ்ந்தவர்களை, அவர்கள் மொழி தெரியாதவர்கள் பாம்பு என்றும் அரக்கர் என்றும் சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொன்னபின் காட்டை எரிப்பதும் சுலபம். சாதுவன் பிழைத்தது வாளால் அல்ல, மொழியால். அடுத்த முறை வேப்பமரத்தடி நாகர் கல்லைப் பார்க்கும்போது, அதிலுள்ள பாம்போடு அந்த மனித முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.