பழத்தில் இல்லாத நஞ்சு

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்னும் மாவட்டம் உள்ளது. ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த அம்மண்ணில், பழச்சாற்றைப் புளிக்கவைத்து ஆக்கும் 'சைடர்' என்னும் பானம் பல நூற்றாண்டுகளாக மக்களின் அன்றாடப் பானமாக விளங்கிற்று. பண்ணைகளில் அதற்கென ஆலையும் அழுத்துபொறியும் இருந்தன. வயலில் உழைத்தவர்க்குக் கூலியின் ஒரு பகுதி சைடராகவே அளக்கப்பட்டது. மதுவைக் கூலியாகக் கொடுக்கும் இவ்வழக்கத்தை 1887-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது.

சைடர் ஆக்குதலில் இரு படிகள் உண்டு. முழுப் பழத்தை எவ்வளவு அழுத்தினாலும் சாறு எளிதில் இறங்காது. முதலில் அதை நொறுக்கிக் கூழாக்க வேண்டும். வட்டமான கல் தொட்டியில் பெரிய கல் உருளையைக் குதிரை சுற்றி இழுத்துவரும். நம் செக்கில் மாடு சுற்றுவதை ஒத்த காட்சி அது. பின்னர் அக்கூழை வைக்கோலோடு அடுக்கடுக்காகப் பொறியின் தளத்தில் ஏற்றித் திருகாணியை முறுக்கினால் சாறு வழிந்தோடும்.

இத்தகைய டெவனில் கொடிய நோய் ஒன்று வேரூன்றி இருந்தது. தாங்கவொண்ணா வயிற்றுவலி, மலச்சிக்கல், முற்றிய நிலையில் கைகள் செயலிழத்தல் ஆகியவை அதன் குறிகள். 1762 முதல் 1767 வரை எக்ஸெட்டர் நகர மருத்துவமனையில் மட்டும் 200-க்கு மேற்பட்டோர் இந்நோய்க்காகச் சேர்க்கப்பட்டனர். 1724-இல் பரவிய நோயை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஹக்ஸம், சைடரின் புளிப்பே காரணம் எனக் கருதினார். பழி பழத்தின்மேல் விழுந்தது.

டெவனில் பிறந்து இலண்டனில் புகழ்பெற்ற மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் வேறு விதமாக வினவினார். ஹியர்ஃபர்டு மாவட்டத்தாரும் சைடர் பருகுகின்றனர். அங்கே இந்நோய் அரிதாயிருப்பது ஏன்? பழம் ஒன்று, பானம் ஒன்று, வேறுபட்டது கருவியே. டெவனில் ஆலைக் கற்களின் இணைப்புகளைக் காரீயத்தால் அடைத்தனர். சில இடங்களில் பொறியின் தளத்திற்கும் காரீயத் தகடு வேய்ந்தனர். ஹியர்ஃபர்டில் அவ்வழக்கம் இல்லை. பேக்கர் இரு மாவட்டச் சைடரையும் சோதித்தார். டெவன் சைடரில் காரீயம் வெளிப்பட்டது; மற்றதில் இல்லை. ஆப்பிள் சாற்றின் அமிலம் உலோகத்தைக் கரைத்து வந்திருக்கிறது. கரைந்த காரீயமோ நாவுக்கு இனிக்கும். ஆகவே நஞ்சு தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

1767-இல் இதனை அவர் வெளியிட்டபோது நன்றியைவிடச் சினமே மிகுதியாக எழுந்தது. 1763-இல் சைடர்மேல் விதிக்கப்பட்ட வரியை எதிர்த்துப் போராடி, 1766-இல்தான் அதை நீக்கச் செய்திருந்தனர் அம்மக்கள். இப்போது அம்மண்ணின் மைந்தனே தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறாரே என்று குமுறினர். தாமஸ் ஆல்காக் என்னும் ஆங்கிலிக்கன் குரு 1769-இல் மறுப்பு நூலே எழுதினார். ஆயினும் உண்மை மெல்ல வென்றது. பொறிகளிலிருந்து காரீயம் அகல, நோயும் அகன்றது.

இன்று வீட்டில் சைடர் பிழிவோருக்கும் பொறியைத் தேர்வதில் இவ்வரலாறே வழிகாட்டி. சாறு தொடும் பகுதிகள் யாவும் துருப்பிடிக்காத எஃகாகவோ, உணவுக்கேற்ற பிளாஸ்டிக்காகவோ, நன்கு உலர்ந்த ஓக் போன்ற கடின மரமாகவோ இருத்தல் வேண்டும். இரும்பு பட்டால் சாறு கறுக்கும். செம்பும் துத்தநாகப் பூச்சும் அமிலத்தில் கரையும். பளுவைத் தாங்கும் சட்டமும் திருகாணியும் சாற்றைத் தொடாதவரை இரும்பாயிருக்கலாம். வைக்கோலுக்கு மாற்றாக இன்று துவைத்துப் பயன்படுத்தும் துணி வந்துவிட்டது. பழைய பொறியை வாங்குவோர், அதன் இணைப்பிலும் வண்ணப் பூச்சிலும் காரீயம் உண்டா என்று முதலில் ஆராய்தல் நலம்.

பேக்கர் தம் மக்களின் பானத்தைப் பறிக்கவில்லை. அது பாயும் வழியைத் தூய்மையாக்கச் சொன்னார். பொறியை அமைத்தவர் பண்ணை உடைமையாளர்; அதில் வழிந்ததைக் கூலியாகப் பெற்றுப் பருகியவர் ஏழை உழைப்பாளி. பிறர் பருகும் பானத்திற்குக் கலம் தேர்பவர் எவரும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.