குருதி எலக்ட்ரோலைட் பரிசோதனை

இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் ஆகிய நான்கு அயனிகளின் செறிவை அளக்கும் ஆய்வு குருதி எலக்ட்ரோலைட் பரிசோதனை எனப்படும். கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட் மூன்றையும் தேவைப்பட்டால் மருத்துவர் தனியே எழுதிக் கேட்பார். பாடநூல்கள் எலக்ட்ரோலைட்டை மின்பகுளி என்கின்றன. ஆய்வகத்திலும் வார்டிலும் அந்தச் சொல் புழங்குவதில்லை.

பேச்சு வழக்கில் 'உப்பு' என்ற சொல் இங்கே பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. சோடியம் இறங்கினால் 'உப்பு குறைஞ்சிருச்சு' என்கிறோம். சிறுநீரக நோயாளிக்கு யூரியாவும் கிரியேட்டினினும் ஏறினால் அதையும் 'உப்பு கூடிருச்சு' என்கிறோம். யூரியாவும் கிரியேட்டினினும் உடலின் கழிவுகள், எலக்ட்ரோலைட் அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு சோற்றில் உப்பைக் கூட்டுவதோ குறைப்பதோ ஆபத்து.

வரலாறு

எலக்ட்ரோலைட், அயனி என்ற சொற்களை மைக்கேல் ஃபாரடே 1834-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சொல் பிறக்கும் முன்பே ஆய்வு தொடங்கிவிட்டது. 1831-இன் இறுதியில் வட இங்கிலாந்தில் காலரா பரவியபோது, வில்லியம் புரூக் ஓஷாக்னஸி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, நீரும் உப்புகளும் பெருமளவு வெளியேறிவிட்டதைக் காட்டினார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா இரத்தக்குழாய் வழியே உப்புநீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஏற்றப்படும் சலைன் பாட்டிலுக்கு முன்னோடி அதுதான். ஓஷாக்னஸி பின்னர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரத்த மாதிரியைச் சுடரில் தெளித்து, எழும் ஒளியின் நிறத்தையும் பிரகாசத்தையும் கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளந்தார்கள். இப்போது அந்தந்த அயனியை மட்டும் உணரும் மின்முனைகள் சில நிமிடங்களில் அளவைச் சொல்லிவிடுகின்றன.

சோடியம்

பெரியவர்களுக்கு இயல்பளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். இந்த எண் உடலில் மொத்தம் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நீருக்கும் சோடியத்துக்கும் உள்ள விகிதத்தையே சொல்கிறது. அறிக்கையைப் படிப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். ரசம் சப்பென்று இருந்தால் உப்பு போட மறந்திருக்கலாம். தண்ணீர் கூடிப்போயிருக்கவும் கூடும். இதயச் செயலிழப்பிலும் கல்லீரல் சுருக்க நோயிலும் கால் வீங்கி, வயிறு பருத்து, உடலில் சோடியம் தேவைக்கு மேல் தேங்கியிருக்கும். ஆனால் அதைவிட அதிகமாக நீர் தேங்குவதால் அறிக்கையில் சோடியம் 125 என்று வரும். அவருக்கு உப்பு கரைத்துக் கொடுத்தால் வீக்கமும் மூச்சுத்திணறலும்தான் கூடும். வாந்தியாலும் பேதியாலும் 125-க்கு இறங்கியவருக்கோ உப்பும் நீரும் இரண்டுமே வேண்டும். எண் ஒன்று, வைத்தியம் நேரெதிர். ஆகவே நோயாளியைப் பார்க்காமல் சோடியத்தை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

முதியவர்களுக்குச் சோடியம் இறங்க அடிக்கடி காரணமாவது, இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தயசைடு வகை மாத்திரை. சம்பந்தமில்லாமல் பேசுவது, தள்ளாட்டம், திடீரெனக் கீழே விழுவது என்று தொடங்கும். வீட்டில் அதை வயதின் மறதி என்று விட்டுவிடுகிறார்கள். வேகமாக இறங்கினாலோ 120-க்குக் கீழே போனாலோ வலிப்பு வரலாம். நாள்பட்ட குறைவை அவசரமாக ஏற்றுவதும் தீங்கு: 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புறை சிதையக்கூடும். சர்க்கரை மிக ஏறியிருக்கும்போதும் சோடியம் குறைவாகத் தெரியும். செல்களிலிருந்து நீரைச் சர்க்கரை வெளியே இழுப்பதால் இப்படி ஆகிறது. சர்க்கரை இறங்கினால் சோடியம் ஏறிவிடும்.

பொட்டாசியம்

இயல்பளவு 3.5 முதல் 5.0 மில்லிமோல். உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. நாம் அளப்பது வெளியே உள்ள மிச்சத்தை. உள்ளிருந்து சிறிதளவு கசிந்தாலும் எண் எகிறிவிடும். அப்படிக் கசிவது நோயாளியின் உடலில்தான் என்றில்லை, சோதனைக் குழாயிலும் நடக்கலாம். ரப்பர் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி, 'கையை மூடி மூடித் திறங்க' என்று சொல்லி எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் பொய்யாகக் கூடும். சிவப்பணுக்கள் உடைந்தாலும், எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்தாலும் அப்படியே. ஊதா மூடிக் குழாயில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் பொட்டாசிய உப்பு. அதன் துளி கலந்தால் பொட்டாசியம் ஏறி, கால்சியம் விழும். நலமாக நடந்து வந்தவரின் அறிக்கையில் 6.8 என்று இருந்தால் உடனே இ.சி.ஜி. எடுத்துவிட்டு, புதிதாக இரத்தம் எடுத்து மறுபடி பார்ப்பார்கள்.

உண்மையிலேயே கூடியிருந்தால் தாமதத்துக்கு இடமில்லை. இ.சி.ஜி.யில் டி அலை கூர்த்து எழும். பிறகு துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுபோகலாம். சிறுநீரகச் செயலிழப்பே முதன்மைக் காரணம். எனலாபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகளும் கூட்டும். ஃபுரோசிமைடு, வாந்தி, பேதி ஆகியவை குறைக்கும். கொடுக்கக் கொடுக்கப் பொட்டாசியம் ஏறவில்லை என்றால் மக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் நிற்காது.

குளோரைடும் பைகார்பனேட்டும்

குளோரைடு 98–107, பைகார்பனேட் 22–28 என்பன வழக்கமான அளவுகள். தனித்தனியே இவை அதிகம் பேசுவதில்லை. சோடியத்திலிருந்து இவை இரண்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பது அயனி இடைவெளி. ஏறத்தாழ 8 முதல் 12 இருக்கும். சோடியம் 138, குளோரைடு 102, பைகார்பனேட் 10 என்றால் இடைவெளி 26. அளக்கப்படாத அமிலம் ஒன்று இரத்தத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்: நீரிழிவின் கீட்டோன் அமிலமாகவோ, லாக்டிக் அமிலமாகவோ இருக்கலாம். பேதியிலும் பைகார்பனேட் இறங்கும், ஆனால் குளோரைடு ஏறி ஈடுகட்டுவதால் இடைவெளி மாறாது.

மாதிரி எடுத்தல்

இதற்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. டிரிப்ஸ் ஏறும் கையில் இரத்தம் எடுக்கக் கூடாது. ஏறும் திரவத்தின் அளவே அறிக்கையில் வந்துவிடும். இயல்பளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று வேறுபடும் என்பதால், அந்தந்தத் தாளில் அச்சிட்டுள்ள வரம்போடுதான் ஒப்பிட வேண்டும்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகள் இரண்டையும் மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிக்கையைக் காட்டப் போகும்போது, தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.