பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

செய்யூருக்கு வர இருந்த அனல் மின் நிலையம் ஏன் வரவில்லை, யார் தடுத்தார்கள் என்று வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்கிறோம். வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் அடங்கலும் சிட்டாவும் புரட்டியவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்ததை எழுதி வைக்கிறேன். திட்டத்தின் கதையைவிட, அதை எதிர்த்தவர்களுக்குள் ஏன் பிணக்கு வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் விஷயம். 4000 மெகாவாட் அளவில் நாட்டின் பல இடங்களில் மாபெரும் மின் நிலையங்கள் கட்ட மத்திய அரசு 2005-06 வாக்கில் திட்டம் போட்டது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்வான இடம் நம் செய்யூர். செய்யூர், வேடல் பக்கம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம், வெளிநாட்டு நிலக்கரியை இறக்கப் பனையூர்க் கடலோரத்தில் துறைமுகம், சாம்பல் கொட்ட ஒரு குளம் என்று திட்டம் விரிந்தது. 2013-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துவிட்டது. பக்கத்திலேயே ஒதியூர்க் கழிவெளி, பறவைகள், ஆமை முட்டையிடும் மணல், உப்பளம் எல்லாம் இருக்கின்றன. சென்னையிலிருந்து நித்தியானந்த் ஜெயராமன், பாடகர் டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் வந்து பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு இது ஒரே ஊர், ஒரே எதிர்ப்பு. உள்ளே அப்படி இல்லை. பட்டா நிலம் வைத்திருந்தவருக்குக் கேள்வி, ஏக்கருக்கு என்ன விலை என்பது. வாரத்துக்குப் பயிர் வைத்தவருக்கு விலை போனால் பிழைப்பும் போச்சு. ஆடு மாடு வைத்திருந்தவருக்கு மேய்க்கால் புறம்போக்குதான் சொத்து. குப்பத்து மீனவருக்கு நிலத்தைப் பற்றிக் கவலையில்லை, துறைமுகம் வந்தால் வலை போடும் இடம் போகும். உப்பளத் தொழிலாளிக்குப் பயம் சாம்பல் தூசி. வேலையில்லாத இளைஞருக்கோ கம்பெனி வந்தால் ஒரு வாட்ச்மேன் வேலையாவது கிடைக்காதா என்ற ஆசை. அந்த ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

இவர்களில் அரசாங்கம் யாரோடு பேசும்? பதிவேட்டில் பெயர் உள்ளவரோடு. 1894-ஆம் வருடத்து நிலமெடுப்புச் சட்டத்தின்படி இழப்பீட்டுத் தொகை நிலத்தில் பாத்தியதை உள்ளவருக்கே. மேய்க்கால் புறம்போக்கு சர்க்கார் நிலம். அதில் நான்கு தலைமுறையாக மாடு மேய்த்தவர் பெயர் எந்த அடங்கலிலும் ஏறாது. அது தரிசு என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய நிலமெடுப்புச் சட்டம், அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், கூலியாள் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டோர் என்று சேர்த்துக்கொண்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் ஆபீசுக்குப் போனால் முதல் கேள்வி, "பட்டா இருக்கா?" என்பதுதான்.

ஆக, பெயர் உள்ளவர் பேரம் பேசலாம், பெயர் இல்லாதவர் எதிர்க்க மட்டும்தான் முடியும். ஒரே பந்தலில் உட்கார்ந்தாலும் இருவர் போராட்டமும் ஒன்றல்ல. அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில் காலனி இளைஞர் ஒருவர் எழுந்து, "நாங்க எங்க நிலத்துக்குக் கேட்டப்போ நீங்க எங்கேங்கய்யா இருந்தீங்க?" என்று கேட்டார். பந்தலில் யாரும் வாய் திறக்கவில்லை.

அவர் கேட்டதற்குப் பின்னால் நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. நம் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் அறிக்கை அனுப்பினார். 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். வேறு சமூகத்தார் வாங்கக் கூடாது என்று நிபந்தனை உண்டு. நடந்தது வேறு. கை மாறிய நிலத்தைத் திருப்பிக் கேட்டு 1994-இல் காரணையில் போராட்டம் வெடித்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். அன்று தள்ளி நின்ற ஊர்த் தெருக்காரர், இருபது வருடம் கழித்து "எல்லாரும் ஒண்ணாச் சேரணும்" என்று கூப்பிட்டால், கேட்பவருக்கு அது எப்படிப் படும்?

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. கோவையில் நாராயணசாமி நாயுடு நடத்திய விவசாயிகள் இயக்கத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பம்புசெட் மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் கிளம்பி, 1972-இல் கோவைச் சாலைகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். எத்தனையோ உயிர்கள் குண்டுக்குப் பலியாயின. அவ்வளவு பலம் இருந்தும், அது பெரும்பாலும் பம்புசெட் வைத்திருந்தவர்களின் சங்கம். அவர்கள் வயலில் இறங்கி வேலை செய்தவரின் கூலிப் பிரச்சினைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. 1982-இல் சங்கம் அரசியல் கட்சியானது. 1984-இல் நாயுடு காலமான பிறகு பல சங்கங்களாகப் பிரிந்தது. எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது 1989-90-இல். அதைப் பார்க்க அவரும் இல்லை, அந்தப் பழைய சங்கமும் இல்லை.

இமயமலையில் மரங்களைக் கட்டிப்பிடித்த சிப்கோ இயக்கத்திலும் இதே கதை. 1974-இல் ரெணி கிராமத்தில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது ஊரில் ஆண்கள் இல்லை. நில இழப்பீடு தருவதாகச் சமோலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கௌரா தேவியும் பெண்களும்தான் குறுக்கே நின்றார்கள். இழப்பீடு என்ற சொல் ஊரை எப்படிக் காலி செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். பிறகு சண்டி பிரசாத் பட், சுந்தர்லால் பகுகுணா இருவர் வழியும் பிரிந்தது. காட்டை ஊர் மக்கள் அளவாகப் பயன்படுத்தலாம் என்பது ஒருவர் கட்சி. மரத்தைத் தொடவே கூடாது என்பது மற்றவர் கட்சி. யாருடைய இயக்கம் என்ற வழக்கும் சேர்ந்துகொண்டது.

நம் ஊரில் என்ன ஆயிற்று? டெண்டரில் இருந்த தனியார் கம்பெனிகள், ஒப்பந்த நிபந்தனை கட்டுப்படியாகாது என்று விலகின. 2015 தொடக்கத்தில் டெண்டர் ரத்தானது. எதிர்ப்பும் காலத்தை இழுத்தது, சந்தேகமில்லை. ஆனால் முழுப் பெருமையையும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. இது தெரிந்தால் "நான்தான் தடுத்தேன்" என்ற பேச்சு பாதி அடங்கும்.

நாளைக்கு வேறு ஒரு திட்டம் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் ஊரில் வராமல் இருக்காது. அப்போது முதல் கூட்டத்திலேயே ஒரு நோட்டுப் போட்டு, யாருக்கு என்ன போகிறது என்று எழுதுங்கள். பட்டாதாரரைக் கடைசியில் எழுதுங்கள், அவருக்குப் பேப்பர் இருக்கிறது. மாடு மேய்ப்பவர், வாரக்காரர், உப்பளத்துப் பெண்கள், நண்டு பிடிப்பவர் முதலில் வரட்டும். இழப்பீடு பேச அதிகாரி தனித்தனியாகக் கூப்பிடும் முன், என்ன கேட்பது என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். வசூல் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள், காலனிச் சுவரிலும் ஒட்டுங்கள். முன்னால் நிற்பவர் தேர்தலில் நிற்பாரா என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பழைய போராட்ட நாட்களின் நோட்டீசு, மனு நகல், போட்டோ யாரிடமாவது இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டாவில் பெயர் இல்லாதவர்களின் பெயர் அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.