மரவட்டை ஆக்கிய மண்

மாணவர்களே, சுரங்கம் வெட்டிக் கைவிட்ட நிலத்தை மண்புழு உரத்தால் திருத்தலாம் என்று இந்நாளில் பலரும் கூறக் கேட்கிறோம். புழுவின் ஆற்றல் பெரிதே. டார்வின் 1842-இல் இங்கிலாந்தில் தம் இல்லத்தருகே ஒரு வயலில் சுண்ணக்கல் தூளைப் பரப்பச் செய்தார். 1871-இல் அங்கே குழி தோண்டியபோது, அத்தூள் 7 அங்குல ஆழத்தில் வெண்கோடாகத் தெரிந்தது. 29 ஆண்டுகளாக மண்புழுக்கள் கீழ்மண்ணை மேலே கொணர்ந்ததன் விளைவு அது. ஆனால் அது மண்ணுள்ள வயல். மண்ணே இல்லாத இடத்தில் புழு எதை உண்ணும்?

டார்வின் குழி தோண்டி நூறாண்டு கழித்து, 1971-இல், கென்யா நாட்டில் இவ்வினா எழுந்தது. மொம்பாசா நகரை அடுத்த பம்புரியில், 1954 முதல் ஒரு சிமெண்டு ஆலைக்காகப் பழம்பவளப் பாறையை வெட்டியெடுத்து வந்தனர். வெட்டிய இடம் வெண்பாலையாயிற்று. சற்றே தோண்டினால் உவர்நீர். ரெனே ஹாலர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு வேளாண் வல்லுநர் அங்கே 26 வகை மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார். பிழைத்தவை மூன்றே வகை. அவற்றுள் தலையாயது, நம் கடற்கரைகளிலும் காணும் சவுக்கு.

சவுக்கின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை அதற்கு ஊட்டுகிறது. ஆதலின் மரம் பாறையிலும் ஓங்கியது. எனினும் உதிர்ந்த ஊசிச் சருகு (அவை இலைகளல்ல, மெல்லிய சிறுகிளைகளே) மக்கவில்லை. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதில் மிகுதி. காடு உண்டு, மண் இல்லை!

அப்போது கைகொடுத்தது செங்கால் மரவட்டை. நம் சிறுவர் ரயில்பூச்சி என்பார்களே, அவ்வினம். சவுக்குச் சருகை அது உண்ணும் எனக் கண்டு, நூற்றுக்கணக்கில் கொணர்ந்து விட்டனர். மரவட்டை அரைத்துக் கழித்த எச்சத்தில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகின, சருகு மட்காயிற்று. மட்கு சேரச் சேரப் பிற மரஞ்செடிகளும் வேரூன்றின. வெளியிலிருந்து உரமூட்டைகளைக் கொட்டுவது மட்டும் போதும் என நான் கருதேன். உணவு தரும் மரமும், அதை உண்ணும் உயிரும் அங்கேயே நிலைபெற வேண்டும்.

பின்னர் அப்பள்ளம் ஹாலர் பூங்கா எனப் பெயர் பெற்றது. 2004 டிசம்பரில் தாயைப் பிரிந்து கடலில் தவித்த நீர்யானைக் கன்று ஒன்றை மீட்டு, அங்கேதான் கொண்டுபோய் விட்டனர். அது ஒரு முதிய ஆமையோடு ஒட்டிக்கொண்ட செய்தியை உலகமே வியந்து படித்தது.