கூடலூருக்கு வந்தோரின் கூலிக்கணக்கு

பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிகுடிகளையும், அவர்களை அடுத்து நெல்வயல் திருத்திக் குடியிருந்த வயநாட்டுச் செட்டிமாரையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கூடலூர், பந்தலூர்த் தாலுகாக்களில் இன்று வாழ்வோரிற் பெரும்பாலோர் கடந்த நூற்றெழுபது ஆண்டுகளுக்குள் ஜீவனம் தேடி வெளியூர்களிலிருந்து வந்தவர்களின் சந்ததியாரே ஆவர். அவர்களுடைய முன்னோர்களுக்கு நாட்கூலி இவ்வளவு என்று ஆசை காட்டி அழைத்து வந்தவர்கள் உண்டு. அவ்விடத்தில் படி அரிசி என்ன விலைக்கு விற்கிறது, அதை விற்பவர் யார், நோயில் விழுந்த நாளுக்குக் கூலி உண்டா என்பனவற்றையும் கூடவே சொன்னவர்கள் அரியர். மலைத்தோட்டங்களின் சரித்திரத்தில் கூலியைக் குறித்து எழுதப்பட்டது ஏராளம். கூலியை விழுங்கிய செலவைக் குறித்தோ, அதில் பத்தில் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தாலே அதிகம்.

தென்கிழக்கு வயநாடு என்று பெயர் பெற்றிருந்த இப்பிரதேசம் 1877-ஆம் ஆண்டில்தான் மலபார் ஜில்லாவிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்ந்தது. அதற்கு முன்னரே இங்கும் அடுத்துள்ள ஓ வேலிப் பள்ளத்தாக்கிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்துவிட்டன. மைசூர்ச் சீமையிலிருந்தும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்தும் மேஸ்திரிமார் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள். சமவெளியில் களை பறித்துப் பெறும் கூலியைவிட மலைக்கூலி உயர்ந்ததுதான். எனினும், மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன இக்காட்டில் ஒரு மனிதன் பத்து நாள் சுருண்டு படுத்தால் பத்து நாட்கூலி போய்விடும். முன்பணமோ, அதன்மேல் ஏறிய அரிசிக்கடனோ ஒரு காசும் குறையாது. கடன் தீரும்வரை ஊர் திரும்ப வழியில்லை, திரும்பினாலோ குற்றவாளி. முன்பணம் பெற்று வேலையை விட்டோடுகிறவனைத் தண்டிப்பதற்கென்றே 1903-இல் சென்னை மாகாணத்தில் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கூலி பேசும்போது இருவரும் சமம் என்ற பாவனை எவ்வளவு மெல்லிய திரை என்பதற்கு இச்சட்டத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வருமானத்தைத் தப்பாகக் கணக்கிட்டவர்கள் ஏழைகள் மட்டுமல்லர் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் இருக்கிறதென்று கிளம்பிய செய்தியை நம்பி, இங்கிலாந்திலே முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் லட்சக்கணக்கான பவுன் மூலதனத்தோடு தோன்றின. சில வருஷங்களுக்குள் பெரும்பாலும் யாவும் கலைந்து, மலையில் துளைகளே மிஞ்சின.

கூடலூரின் இன்றைய முகத்தை வகுத்த பெருங்குடியேற்றம் வேறு திசையிலிருந்து, கடலைக் கடந்து வந்தது. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து இலங்கைக்குச் சென்ற தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளே, நூறு ஆண்டு கழித்து இங்கு வந்து சேர்ந்தவர்கள். இலங்கையில் அவர்களுடைய வாழ்வு, ஆள் திரட்டி மேற்பார்த்த பெரிய கங்காணியின் கையில் இருந்தது. ஆளுக்கு இத்தனை என்று அவர் பெற்ற தலைக்காசும், கடன் தொகை எழுதிய துண்டைக் காட்டித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய வழக்கமும் பிரசித்தம். துண்டுமுறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்து, முழுநாள் கூலிக்கு முழுப்பேரோ அரைநாளுக்கு அரைப்பேரோ செக்ரோல் என்னும் கூலி ஏட்டில் ஏறும். மாத முடிவில் அதே ஏட்டின் மறுபுறத்தில் அரிசிக்கும் கம்பளிக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பிடித்தம் ஏறும். பிடித்தம் போக மிச்சம் என்ன என்பதே சம்பளத்தின் உண்மையான அளவு. இதைத் தொழிலாளர் எவரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள்.

இலங்கை அரசாங்கம் அம்மக்களுக்கு இழைத்த அநீதி கொஞ்சமன்று. அவர்களை நாடற்றவராக்கிய 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்றே போதும். ஆயினும் கூலி விஷயத்தில் அந்நாட்டுச் சட்டம் ஒரு நுட்பத்தைக் கண்டிருந்தது என்பது என் அபிப்பிராயம். இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-இல் வந்தபோது, தோட்டங்கள் உயர்ந்த மலை, நடுத்தர மலை, தாழ்நிலம் என மூன்றாக வகுக்கப்பட்டு, குளிர்மிகுந்த மேட்டுத் தோட்டத்தில் வாழ்பவனுக்குச் செலவு கூடும் என்ற நியாயத்தால் அவனுக்குச் சற்றே அதிகக் கூலி விதிக்கப்பட்டது. அதோடு, தோட்டம் அவனுக்கு அளக்கும் அரிசியை எந்த விலைக்கு மேல் விற்கலாகாது என்பதும் கூலியோடு சேர்த்தே நிர்ணயிக்கப்பட்டது. கூலியும் அரிசியும் ஒரே தராசில் ஏறின! பின்னர் 1941-இல் சம்பளச் சபைச் சட்டம் வந்து, வாழ்க்கைச் செலவுப் புள்ளியை ஒட்டிய விசேஷப் படியும் சேர்ந்தது.

இந்நிலையில்தான் 1964 அக்டோபர் 30-ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ, சாஸ்திரி இருவரின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்படி நாடற்றிருந்த ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் மனிதர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மற்றவர் விதி பிற்பாடு தீர்மானிக்கப்படும் என்று இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. புறப்படும் குடும்பத்துக்குக் குடும்ப அட்டை ஒன்று வழங்கப்பட்டது. பெயர், வயது, உறவுமுறை யாவும் அதில் எழுதப்பட்டன. கூடலூரில் ஒரு படி அரிசி என்ன விலை என்று எழுதுவதற்கு மாத்திரம் அதில் இடமில்லை.

கையோடு கொண்டுவரும் சேமலாப நிதியும் பணிக்கொடையும்கூட நிலையான பொருளாக இருக்கவில்லை. ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்பது ஒப்பந்தத்தின் ஒரு விதி. அது கையெழுத்தான நாளில் இரு நாட்டு ரூபாயும் சமம். இந்தியா 1966-இலும் இலங்கை 1967-இலும் நாணய மதிப்பைக் குறைத்தபின், அதே 4,000 இலங்கை ரூபாய் மாற்று விகிதப்படி சுமார் 5,000 இந்திய ரூபாய் பெற்றது. 1977-இன் இறுதியில் இலங்கை ரூபாய் சரிந்த பிறகோ 2,000-க்குச் சற்று மேற்பட்டதே கிடைத்திருக்கும். முதலில் கப்பலேறிய குடும்பத்துக்கும், பத்து வருஷம் தயங்கி நின்ற குடும்பத்துக்கும், முப்பது ஆண்டு உழைப்பின் விலை இவ்வாறு பாதிக்குப் பாதி வேறுபட்டது. தயங்கியவர்களை எப்படிக் குறை கூறுவது? 1973, 74 ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களில் உணவுத் தட்டுப்பாடு மூண்டு, கோதுமை மாவுக்கும் வழியில்லாமல் பட்டினி பரவியபோது, அதுவரை இலங்கையே மேல் என்றிருந்த கணக்கு ஒரே வருஷத்தில் தலைகீழாயிற்று. அதன்பின் இலங்கையில் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரங்களுக்கு அஞ்சி வந்தவர்கள் விலைவாசியை விசாரிக்கும் நிலையிலே இல்லை.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு ரயிலும் பஸ்ஸுமாக மலையேறிக் கொளப்பள்ளி, சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் என்று அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கென்றே தமிழக அரசு வனத்துறையின் மூலம் 1968-இல் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதுவே பின்னர் டான்டீ என்னும் கழகமாயிற்று. காட்டை வெட்டி, குழி எடுத்து, நாற்று நட்டு, செடி கொழுந்து தரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகையால் முதலில் வந்தவர்கள் கொழுந்து பறிக்கும் தொழிலாளராக அல்லாமல், காடு திருத்தும் கூலிகளாகவே வாழ்வைத் தொடங்கினார்கள். அட்டனிலும் நுவரெலியாவிலும் கம்பளி போர்த்துப் பழகியவர்களுக்கு இங்கே குளிர் ஒரு பொருட்டன்று. தேவாலா மழைதான் புதிது. தோட்டத்து வரிசை வீடாகிய லயத்துக்கு வாடகையில்லை, விறகுக்குப் பக்கத்திலே காடு என்பவை வரவுப் பக்கம். அரிசி, தோட்டம் அளந்து கொடுப்பதாயிராமல் கடையில் கைக்காசு கொடுத்து வாங்குவதாயிற்று. அரசுத் தோட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களுக்கும், நிலம்பூர்க் கோவிலகத்தின் பரம்பரை உரிமையான ஜன்ம நிலங்களில் ஒரு துண்டு பிடித்து மிளகும் வாழையும் வைப்பதற்கும் போனார்கள். 1969-ஆம் ஆண்டு ஜன்ம ஒழிப்புச் சட்டத்தால் எழுந்த உரிமை வழக்குகள் அந்நிலத்தை இன்றளவும் விட்டபாடில்லை.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கும் புறப்பட்டுவிட்டார்கள். அங்கே வாரச் சம்பளம் தோட்டக் கூலியைவிடக் கூடுதல்; ஆனால் ஒற்றை அறைக்கு வாடகையும் அட்வான்சும் உண்டு, குடிதண்ணீரும் காசு. ஆகவே குடும்பம் முழுவதும் பெயர்வதில்லை. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசமாகிவிட்டமையால், ரேஷன் அட்டையைக் கூடலூரிலேயே வைத்துக்கொண்டு, தாய் லயத்திலிருந்து தோட்டத்துக்குப் போக, மகன் திருப்பூரில் நண்பர்களோடு அறையைப் பங்கிட்டுக்கொள்கிறான். ஊருக்கு வந்து திரும்பும்போது ரேஷன் அரிசியில் பத்துக் கிலோவைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொள்கிறான். தாய் ஓய்வுபெற்றால் வீட்டைத் தோட்டத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த நாள் வரையில்தான் இந்தக் கணக்குச் செல்லும்.