சாவண்டலை

திருகோணமலையின் பெயரையே வணிகப் பெயராகக் கொண்ட வன்மரம், சிங்களத்தில் ஹல்மில்ல. இலங்கையின் உலர்வலயக் காடுகளுக்கு உரியது, தென்னிந்தியாவிலும் வளர்கிறது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்னை சென்றதால் அங்கே ‘திருகோணமலை மரம்’ என்றே விலைபோனது. இதன் பேரினத்துக்குச் சென்னையில் பணிபுரிந்த மருத்துவர் ஆண்ட்ரூ பெர்ரியின் பெயரைத் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ சூட்டினார்.

இலை இதய வடிவம். காய் முற்றியதும் சிறகு விரித்து உலரும். விதையின் சுணை பட்டால் தோல் அரிக்கும், வெறுங்கையால் தொடுவது புத்தியல்ல.

செந்நிற வைரம் நேரான இழையுடையது, வளைந்து கொடுப்பது. கரையில் அலை மோதினாலும் பிளக்காது என்பதால் சென்னையின் மசூலாப் படகுகளுக்கு விரும்பி வாங்கினார்கள். வண்டி ஏர்க்கால், கருவிப் பிடி, எண்ணெய்ப் பீப்பாய் ஆகியவையும் இதில் செய்யப்பட்டன. தென்னஞ்சாராயம் இன்றும் ஹல்மில்லத் தொட்டிகளில் முதிர்கிறது.

வழிபாட்டில் இதற்கு இடம் குறைவு. திருகோணமலைக் கோணேசர் கோயிலின் தலவிருட்சம்கூடக் கல்லாலமே. சாவண்டலையின் பெருமையோ தச்சர் பட்டறையோடு சரி.