கலைந்த பின் கேட்ட பாடல்கள்: ஸாம்பீஸ் குழுவின் ‘ஒடிஸி அண்ட் ஆரக்கிள்’

அறுபதுகளின் ஆங்கில ராக் இசை என்றதும் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இரு பெயர்களோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்தப் பெரிய மரங்களின் நிழலில் நம் கண்ணில் படாமல் போன குழுக்கள் பல. அவற்றுள் ஒன்றான ஸாம்பீஸ் குழுவின் ஓர் இசைத்தட்டை இலக்கிய வாசகர்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறோம்.

லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் உருவான குழு இது. 1964-இல் வந்த இவர்களது முதல் பாடலான ‘ஷீ இஸ் நாட் தேர்’ அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடத்தை எட்டியது. மறு ஆண்டு ‘டெல் ஹர் நோ’ 6-ஆம் இடம் பிடித்தது. அதன் பிறகு வந்தவை எடுபடவில்லை. 1967-இல் சிபிஎஸ் நிறுவனம் ஏறத்தாழ 1,000 பவுண்டு கொடுத்து ஒரு முழு ஆல்பத்துக்கு ஒப்பந்தம் செய்தபோது, தங்கள் பாடல்களைத் தாங்களே தயாரிப்பது என்று குழு முடிவெடுத்தது.

பதிவின் பெரும்பகுதி லண்டன் ஆபே சாலையில் இருந்த இஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ அங்கே முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் நாடாவில் முன்பே பதிந்த தந்தி, குழல் ஒலிகளை எழுப்பும் மெலோட்ரான் அங்கு கிடந்தது. வாத்தியக்குழுவை அமர்த்தப் பணமில்லாத இவர்களுக்கு அது பெரும் துணையாயிற்று. கூடத்தின் நேரம் வீணாகாதபடி பாடல்களை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிட்டுச் சென்றார்கள்.

பன்னிரண்டு பாடல்கள், ஏழு கிறிஸ் வைட் எழுதியவை, ஐந்து ராட் ஆர்ஜென்ட் எழுதியவை. ‘எ ரோஸ் ஃபார் எமிலி’ என்ற தலைப்பு, வில்லியம் ஃபாக்னர் 1930-இல் வெளியிட்ட சிறுகதையினுடையது. கதையின் கொலையும் பிணமும் பாடலில் இல்லை. தோட்டத்து ரோஜாக்களைப் பிறர் பறித்துச் செல்ல, தனியே முதுமையடையும் ஒரு பெண் மட்டுமே இருக்கிறாள். பியானோவும் குரல்களும் தவிர வேறு ஒலி கிடையாது. ‘ப்ரீஃப் கேண்டில்ஸ்’ என்ற தலைப்போ ‘மேக்பெத்’ நாடகத்திலிருந்து வருவது. முதல் பாடலான ‘கேர் ஆஃப் செல் 44’ துள்ளலான மெட்டில் அமைந்த ஒரு காதல் கடிதம். சற்றுக் கவனித்தால்தான் அது சிறையிலிருந்து விடுதலையாகப் போகும் பெண்ணுக்கு எழுதப்பட்டது என்பது புலப்படும். ‘புட்சர்ஸ் டேல்’ முதல் உலகப் போரின் முனையில் நடுங்கி நிற்கும் ஒரு கசாப்புக்காரனின் வாக்குமூலம். மலர்களும் வண்ணங்களும் நிறைந்த 1967-இன் இசையில் இப்படியொரு குரல் அரிது.

ஆனால் தட்டு கடைக்கு வருமுன்பே குழு கலைந்துவிட்டது. பாடல் எழுதிய இருவருக்கு உரிமைத்தொகை வந்துகொண்டிருந்தது. மற்ற மூவருக்கும் மேடை வருமானம்தான், அதுவும் சுருங்கிவிட்டது. 1967 டிசம்பரில் பிரிந்தார்கள். 1968 ஏப்ரலில் பிரிட்டனில் வெளியான ஆல்பத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. அட்டை ஓவியர் ‘ஒடிஸி’ என்ற சொல்லில் செய்த எழுத்துப்பிழைகூடத் திருத்தப்படாமலே நிலைத்துவிட்டது. பாடகர் காலின் பிளன்ஸ்டோன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த இடத்தில்தான் ஒரு ரசிகர் வருகிறார். அமெரிக்க இசைக்கலைஞரான ஆல் கூப்பர் அப்போது கொலம்பியா நிறுவனத்தில் தயாரிப்பாளர். லண்டன் பயணத்திலிருந்து அள்ளி வந்த தட்டுகளுள் இதைக் கேட்டு வியந்து, அமெரிக்காவில் வெளியிட்டே ஆகவேண்டும் என்று தம் நிறுவனத்தாரிடம் வாதாடினார். ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘டைம் ஆஃப் தி சீசன்’ 1969 மார்ச்சில் பில்போர்டு பட்டியலில் 3-ஆம் இடத்துக்கு ஏறியது. அதைப் பாடிக் காட்டக் குழுதான் இல்லை. ஆர்ஜென்ட் தம் பெயரிலேயே புதுக்குழு தொடங்கியிருந்தார். வெற்றிடத்தை நிரப்பப் போலி ஸாம்பீஸ் குழுக்கள் அமெரிக்க மேடைகளில் தோன்றின. அப்படி ஒன்றில் வாசித்த டஸ்டி ஹில், ஃபிராங்க் பியர்ட் இருவரும் பின்னாளில் ஸிஸி டாப் குழுவில் புகழ்பெற்றார்கள் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

கூப்பரின் பரிந்துரை ஆல்பத்தைக் காப்பாற்றியது. குழுவைக் காப்பாற்றும் காலம் அதற்குள் கடந்துவிட்டது. முழு ஆல்பமும் மேடையேற நாற்பது ஆண்டுகள் ஆயின. 2008 மார்ச்சில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் நால்வர் வாசித்தார்கள். கிதார் கலைஞர் பால் அட்கின்சன் 2004-இலேயே மறைந்துவிட்டார். 2019-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இக்குழுவை ஏற்றுக்கொண்டது.

நல்ல படைப்பு தானாகவே நிலைக்கும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இந்த ஆல்பத்தின் கதை அப்படிச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் கேட்டு, பிறரிடம் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. அதுவும் படைத்தவர்கள் சோர்ந்து பிரியும் முன்பே. புகழ்பெற்ற கடைசிப் பாடலை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், முதல் பாடலிலிருந்து வரிசையாக, ஒரே அமர்வில் கேளுங்கள். மொத்தம் முப்பத்தைந்து நிமிடங்கள்தான். பிடித்திருந்தால் இன்னொருவரிடம் சொல்லுங்கள்.